விண்டோஸில் மூலநிரல் பொதிகளை அவிழ்க்க எந்தக் கட்டளைக் கருவியை நம்பலாம்?

வாவிக்கரை (மட்டக்களப்பு) கேட்டது:

வணக்கம். எங்கள் கணினிக் கூடத்தில், பழைய தமிழ் இதழ்களின் ஸ்கேன் படங்களிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுப்பதற்காக, டெசரக்ட் மென்பொருளை மூலநிரலிலிருந்து விண்டோஸில் பில்ட் செய்யும் (இயங்கும் நிரலாகக் கட்டும்) பயிற்சியை மாணவர்களுக்கு நடத்தி வருகிறோம். ஆயத்தமான நிறுவு கோப்பு கிடைக்கிறது என்பது தெரியும். ஆயினும் ஒரு மென்பொருள் எவற்றையெல்லாம் சார்ந்து இயங்குகிறது என்பதை மாணவர்கள் தம் கையால் செய்து அறிய வேண்டும் என்பதே எங்கள் நோக்கம்.

டெசரக்டுக்கு முன் லெப்டோனிக்கா என்ற பட நூலகம் வேண்டும். லெப்டோனிக்காவுக்கு முன் ஸீலிப், லிப்பிஎன்ஜி, லிப்டிஃப் ஆகிய நூலகங்கள் வேண்டும். இவற்றின் பொதிகளில் சில டார்.ஜிஸெட் (.tar.gz), சில டார்.எக்ஸ்ஸெட் (.tar.xz), சில ஸிப் (.zip). மாணவர்கள் பலருக்கு வீட்டில் கைத்தொலைபேசி டேட்டா மட்டுமே இருப்பதால், எல்லாவற்றையும் கூடத்தில் ஒருமுறை இறக்கிப் பென் டிரைவில் கொடுத்தனுப்புகிறோம். அவற்றை வரிசையாக அவிழ்த்து பில்ட் செய்ய ஒரு பேட்ச் கோப்பும் (கட்டளைகளை வரிசையாக இயக்கும் கோப்பு) எழுதியிருக்கிறோம்.

சிக்கல் அவிழ்ப்பதில்தான் வருகிறது. பேட்ச் கோப்பில் டார் கட்டளைக்கு "சி:" என்று தொடங்கும் முழுப் பாதையைக் கொடுத்திருக்கிறோம். விண்டோஸின் கட்டளைச் சாளரமான கொமாண்ட் புரொம்டில் இயக்கும் மாணவருக்கு அது வேலை செய்கிறது. அதே பேட்ச் கோப்பை, கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) தரும் கிட் பாஷ் சாளரத்திலிருந்து இயக்கும் மாணவருக்கு, "சி" என்ற கணினியோடு தொடர்புகொள்ள இயலவில்லை என்று பொருள்படும் பிழை வருகிறது. பழைய விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஜிஸெட் பொதி திறக்கிறது, எக்ஸ்ஸெட் பொதி திறப்பதில்லை. எல்லோரும் 7-ஸிப் நிறுவிக்கொள்ள வேண்டும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். பவர்ஷெல்லிலேயே இதற்குக் கட்டளை இருக்கிறது என்று இன்னொருவர் சொல்கிறார். எல்லா மாணவர் கணினிகளிலும் ஒரே விதமாக நடந்துகொள்ளும் ஒரு கருவியைத் தெரிவுசெய்ய வேண்டும். அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு சொன்னால் மாணவர்களுக்கும் அதை விளக்க முடியும்.

கல்முனைப் பொறியாளர் பதிலளித்தது:

உங்கள் மாணவர்களின் கணினிகளில் டார் என்ற பெயரில் இரண்டு வேறு வேறு நிரல்கள் இருக்கின்றன. முதலாவது, 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10இன் 1803 பதிப்பு முதல் மைக்ரோசொப்ட் தானே சேர்த்து அனுப்பும் நிரல். அது சிஸ்டம்32 கோப்புறையில் இருக்கிறது. லிப்ஆர்கைவ் என்ற கட்டற்ற நூலகத்தின் மேல் எழுதப்பட்ட பிஎஸ்டி டார் அது. இரண்டாவது, கிட் ஃபோர் விண்டோஸோடு வரும் க்னூ டார். ஒரே தெருவில் ஒரே பெயரில் இருவர் குடியிருந்தால், பெயரை மட்டும் எழுதிய கடிதம் தபால்காரர் முதலில் எந்த வீட்டைக் கடக்கிறாரோ அங்கே போய்ச் சேரும். நிரல்களைத் தேட வேண்டிய கோப்புறைகளின் பட்டியலான பாத் மாறியின் வரிசையும் அப்படித்தான். கொமாண்ட் புரொம்டில் சிஸ்டம்32 முன்னால் நிற்கிறது. கிட் பாஷில் அதன் சொந்தக் கோப்புறை முன்னால் நிற்கிறது, அங்கிருந்து இயக்கும் பேட்ச் கோப்புக்கும் அந்த வரிசையே கிடைக்கிறது.

"சி:" என்பதில் க்னூ டார் தடுமாறுவதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. காந்த நாடாக்களில் காப்பெடுத்த காலத்தில், நாடா இயந்திரம் வேறொரு கணினியில் இருந்தால், அந்தக் கணினியின் பெயரை எழுதி, முக்காற்புள்ளி இட்டு, அதன்பின் கோப்பின் பெயரை எழுதுவார்கள். க்னூ டார் இன்றும் அந்த மரபைப் பின்பற்றுகிறது. ஆகவே "சி" என்பது வலையமைப்பில் உள்ள ஒரு கணினி என்று கருதி அதைத் தேடுகிறது. ஃபோர்ஸ்-லோக்கல் என்ற தெரிவைச் சேர்த்தால் தேடாது. ஆனால் அந்தத் தெரிவை மற்ற டார் ஏற்றுக்கொள்ளாது என்பதால், இரண்டுக்கும் பொதுவான ஒரே வரியை அப்படி எழுத முடியாது. மேலும் க்னூ டார் ஸிப் பொதிகளைத் திறக்கவே திறக்காது. பிஎஸ்டி டார், பொதியின் உள்ளே பார்த்து வகையைத் தானே கண்டுகொண்டு, ஸிப்பையும் அதே கட்டளையால் அவிழ்த்துவிடும்.

எக்ஸ்ஸெட் திறக்காததற்குக் காரணம் வேறு. விண்டோஸ் 10இல் முதலில் வந்த டார் நிரலில் ஜிஸிப் சுருக்கத்துக்கான ஸீலிப் மட்டுமே இணைக்கப்பட்டிருந்தது. எக்ஸ்ஸெட் பொதி கிடைத்தால் அது வெளியே எக்ஸ்ஸெட் என்றொரு நிரலைத் தேடும். அது கணினியில் இல்லாதபோது பிழை காட்டி நின்றுவிடும். விண்டோஸ் 11இன் பிந்தைய பதிப்புகளில் மற்றச் சுருக்க நூலகங்களும் உள்ளேயே வருகின்றன. ஒரு கணினியில் எது இருக்கிறது என்பதைச் சந்தேகமின்றி அறிய, டார் கட்டளையோடு வெர்ஷன் தெரிவைக் கொடுத்துப் பாருங்கள். இணைக்கப்பட்ட நூலகங்களின் பெயர்களையும் பதிப்புகளையும் அதே வரியில் அது அச்சிடும்.

இனி, எதைத் தெரிவுசெய்வது என்பதற்கு வருகிறேன். நீங்கள் குறிப்பிட்ட ஐந்து மென்பொருள்களையும் சீமேக் என்ற பில்ட் கருவியைக் கொண்டு பில்ட் செய்யலாம். ஆகவே சீமேக் எப்படியும் மாணவர்களின் கணினியில் இருக்கப்போகிறது. அதற்குள்ளேயே ஒரு டார் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சீமேக் கட்டளைக்குப் பெரிய "ஈ" (-E) தெரிவையும், அதன்பின் டார் என்ற சொல்லையும், வழக்கமான எக்ஸ்எஃப் (xf) என்ற எழுத்துகளையும், பொதியின் பெயரையும் கொடுத்தால் போதும். அந்த டாரும் லிப்ஆர்கைவ்தான். அதிகாரபூர்வ நிறுவு கோப்பில் வரும் சீமேக்கில் எக்ஸ்ஸெட், பிஸிப்2, ஸீஸ்டாண்டர்ட் ஆகியவற்றுக்கான நூலகங்களும் கூடவே வருகின்றன. விண்டோஸ் எந்தப் பதிப்பு, எந்தச் சாளரத்திலிருந்து இயக்குகிறார்கள் என்பவை இங்கே பொருட்டல்ல. எல்லோரிடமும் ஒரே சீமேக் பதிப்பு இருந்தால், எல்லோரிடமும் ஒரே டார் இருக்கிறது. உங்கள் தேவைக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஒரு குறை உண்டு. பொதிக்குள் இருக்கும் மேற்கோப்புறையை நீக்கிவிட்டு உள்ளடக்கத்தை மட்டும் எடுக்கும் ஸ்ட்ரிப்-கொம்பொனன்ட்ஸ் வசதி சீமேக்கின் டாரில் இல்லை. அவிழ்த்த பின் கோப்புறையின் பெயரை மாற்றிக்கொள்வதே வழி. சீமேக்கும் இல்லாத வெறும் கணினியில் தொடங்க வேண்டுமானால், சிஸ்டம்32இல் உள்ள டாரை அதன் முழுப் பாதையோடு அழையுங்கள். சீமேக்கைச் சுமந்து வரும் ஸிப் பொதியை அது திறந்துவிடும்.

அம்பாறை வாசி பதிலளித்தது:

கல்முனை அண்ணா சொன்னதைப் பேட்ச் கோப்புக்காக ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் 7-ஸிப்பை முற்றாக ஒதுக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். ஈகர் பாவ்லோவ் 1999 முதல் எழுதிவரும் இந்தக் கருவி திறக்காத வகை அரிது. மேலும், பென் டிரைவில் கொடுத்தனுப்பும் பொதி வழியில் பழுதாகிவிட்டதா என்பதை அவிழ்க்காமலே சோதிக்க அதில் "டீ" (t) என்ற ஒற்றை எழுத்துக் கட்டளை இருக்கிறது. மின்துண்டிப்பின் நடுவே நகலெடுத்த கோப்புகளை நம்பி மாணவர்கள் பில்ட் செய்யத் தொடங்குவதற்கு முன், அதை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

அதைப் பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. நிறுவும்போது அது பாத் மாறியில் தன்னைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஆகையால் முழுப் பாதையோடு அழைக்க வேண்டும். "எக்ஸ்" (x) கட்டளை கோப்புறை அமைப்பைக் காத்து அவிழ்க்கும். "ஈ" (e) கட்டளை எல்லாக் கோப்புகளையும் ஒரே கோப்புறையில் கொட்டிவிடும். மூலநிரலை "ஈ" கொண்டு அவிழ்த்தால், ஒரே பெயருள்ள கோப்புகள் ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டு எதற்கும் உதவாமல் போய்விடும்.

டார்.ஜிஸெட் என்பது 7-ஸிப்பின் பார்வையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பொதிகள். முதல் முறை அவிழ்த்தால் டார் கோப்பு வரும். அதை மறுபடி அவிழ்க்க வேண்டும். ஒரு 7-ஸிப்பின் வெளியீட்டைக் குழாய் (பைப்) வழியாக இன்னொரு 7-ஸிப்புக்கு அனுப்பி ஒரே வரியில் முடிக்கலாம் என்று பலர் எழுதியிருப்பார்கள். கொமாண்ட் புரொம்டில் அது சரியாக நடக்கும். விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1இல் நடக்காது, ஏனெனில் அது குழாயில் செல்லும் பைட்டுகளை எழுத்துகளாகக் கருதி மாற்றிவிடும், மறுமுனையில் பழுதான தரவே வந்து சேரும். பவர்ஷெல் 7.4 முதல்தான் இரண்டு வெளி நிரல்களுக்கிடையே பைட்டுகள் மாறாமல் செல்கின்றன.

இன்னொன்று, பாதுகாப்பு. 7-ஸிப் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் நிரல் அல்ல. இணையத்திலிருந்து வந்த கோப்பு என்ற விண்டோஸ் அடையாளத்தைத் தவிர்க்க இடமளித்த குறை 24.09 பதிப்பில் திருத்தப்பட்டது. ஸிப் பொதிகளிலுள்ள குறியீட்டு இணைப்புகள் வழியாக வேறு கோப்புறைக்குள் எழுத இடமளித்த குறை 25.00 பதிப்பில் திருத்தப்பட்டது. கூடத்தின் கணினிகளில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும் 7-ஸிப்பை ஒருமுறை பார்த்துப் புதுப்பித்துவிடுங்கள்.

வாவிக்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கிட் பாஷிலும் பழைய விண்டோஸ் 10 கணினியிலும் சீமேக்கின் டார் எல்லாப் பொதிகளையும் அவிழ்த்துவிட்டது. பேட்ச் கோப்பை அப்படியே மாற்றியமைக்கிறோம்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. விண்டோஸில் யூனிக்ஸ் கருவிகளைத் தரும் எம்சிஸ்2 (MSYS2) சூழலில், கொன்ஃபிகர் முறையிலும் ஒரு தடவை பில்ட் செய்து காட்ட விரும்பினோம். லிப்பிஎன்ஜியைக் கிட் வழியாக நகலெடுத்த மாணவரின் கணினியில், பில்டை நடத்தும் மேக் (make) தொடங்கியதும், பில்ட் கோப்புகளை உருவாக்கும் ஓட்டோமேக்கைத் தேடி நின்றுவிட்டது. டார் பொதியை அவிழ்த்தவருக்கு அப்படி நேரவில்லை. இரண்டாவது, நாங்கள் ஸ்கேன் செய்த படங்களின் பெயர்கள் தமிழில் உள்ளன. அவற்றை ஒரு கணினியில் டார் ஆக்கி இன்னொன்றில் அவிழ்த்தபோது, பெயரை மாற்ற இயலவில்லை என்ற எச்சரிக்கை வந்தது. இவற்றுக்கு என்ன செய்யலாம்?

ஒலுவில் பதிலளித்தது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். முதலாவது ஐயம் கோப்புகளின் நேரம் பற்றியது. மேக் எதை மறுபடி உருவாக்குவது என்பதைக் கோப்புகள் கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தை ஒப்பிட்டே முடிவுசெய்கிறது. டார் பொதியில் வெளியீட்டாளர் வைத்த நேரங்கள் அப்படியே இருக்கும். கொன்ஃபிகர் கோப்பு அதன் மூலக் கோப்பைவிடப் புதியதாகவே நிற்கும். கிட் நேரங்களைச் சேமிப்பதில்லை. நகலெடுக்கும்போது ஒவ்வொரு கோப்புக்கும் அது எழுதப்பட்ட கணத்தின் நேரமே கிடைப்பதால், மூலக் கோப்பு தற்செயலாகச் சற்றுப் பிந்தி எழுதப்பட்டுவிட்டால், கொன்ஃபிகர் பழையதாகிவிட்டது என்று மேக் எண்ணி ஓட்டோமேக்கை அழைக்கிறது. வெளியீட்டுப் பொதியையே பயன்படுத்துங்கள். அவிழ்க்கும்போது நேரத்தைத் திருப்பியமைக்க வேண்டாம் என்று சொல்லும் சிறிய "எம்" தெரிவைச் சேர்க்காதீர்கள்.

ஸிப்பில் நேரம் இன்னும் நலிவானது. அதன் அடிப்படை அமைப்பு நேர வலயமின்றி, உள்ளூர் நேரத்தை, இரண்டு விநாடித் துல்லியத்தோடு மட்டுமே குறித்துவைக்கும். கூடுதல் நேரப் புலம் இல்லாத ஒரு ஸிப்பை நாம் இங்கே உருவாக்கி, இலண்டனில் உள்ளவர் உடனே அவிழ்த்தால், குளிர்காலத்தில் கோப்புகள் ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் இருப்பதாக அவருடைய மேக் எச்சரிக்கும்.

லிப்பிஎன்ஜியைப் பொறுத்தவரை இன்னொரு வேறுபாடும் உண்டு. அதன் டார் பொதிகளில் யூனிக்ஸ் வரிமுடிவுகள் உள்ளன. ஸிப், 7ஸெட் பொதிகள் விண்டோஸ் வரிமுடிவுகளோடு தனியாகத் தயாரிக்கப்படுகின்றன. எம்சிஸ்2இன் பாஷ், விண்டோஸ் வரிமுடிவுள்ள ஷெல் நிரலை ஏற்காது. ஆகவே எம்சிஸ்2க்கு டார் பொதியையே கொடுங்கள். அங்கே க்னூ டார் தன் சொந்த இடத்தில் இருப்பதால், "சி:" இல்லாமல், முன்வழிச் சாய்கோட்டோடு பாதைகளை எழுதினால் தொல்லையின்றி வேலை செய்யும்.

தமிழ்ப் பெயர்கள் பற்றிய ஐயத்துக்கு ஆழமான காரணம் உண்டு. ஆங்கிலம், அரபு, ரஷ்யன் போன்றவற்றுக்கு விண்டோஸில் கணினியின் நடப்புப் பக்கமாக அமையக்கூடிய பழைய குறியீட்டுப் பக்கங்கள் (எழுத்துகளுக்கான எண் அட்டவணைகள்) இருக்கின்றன; தமிழுக்கு அப்படி ஒன்று இருந்ததில்லை, அதற்கு யூனிகோடே வழி. சிஸ்டம்32இன் டார் சில இடங்களில் கோப்புப் பெயரைக் கணினியின் நடப்புக் குறியீட்டுப் பக்கத்துக்கு மாற்ற முயல்கிறது. அந்தப் பக்கத்தில் தமிழ் எழுத்தே இல்லாததால் எச்சரிக்கை தந்து கைவிடுகிறது. இந்த இடத்தில் அம்பாறைச் சகோதரர் சொன்ன 7-ஸிப் உங்களுக்கு உதவும்: குறியீட்டுப் பக்கத்தில் அடங்காத பெயர்களை அது யூடிஎஃப்-8 ஆகவே ஸிப்பில் எழுதி, அதற்கான கொடியையும் இட்டுவைக்கும். படங்களை 7-ஸிப்பால் ஸிப் ஆக்குங்கள். நிரலை மட்டும் டார் ஆக வைத்திருங்கள், அதிலுள்ள பெயர்கள் ஆங்கில எழுத்திலேயே இருக்கட்டும்.

பவர்ஷெல்லின் எக்ஸ்பாண்ட்-ஆர்கைவ் பற்றி யாரும் சொல்லவில்லை. அது ஸிப்பை மட்டுமே திறக்கும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் உள்ள பொதியில் 5.1இல் மிக மெதுவாக நகரும். உங்கள் தேவைக்கு அது பொருந்தாது.

இவ்வளவு பேசியும், பொதி வெளியீட்டாளர் தந்ததுதானா என்று அவிழ்ப்பதற்கு முன் சரிபார்ப்பதைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது. 2024 மார்ச் மாதத்தில், எக்ஸ்ஸெட் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் மறைவாக ஒரு பின்கதவு சேர்க்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. அதை இயக்கிவிடும் கோப்பு கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டு டார் பொதிக்குள் மட்டுமே இருந்தது. அது லினக்ஸைக் குறிவைத்தது என்றாலும், பொதி என்பது களஞ்சியத்தின் நகல்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது என்பதை எல்லோருக்கும் காட்டியது. வெளியீட்டாளர் தரும் ஷா-256 எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும், கைரேகை போன்ற எண்) பேட்ச் கோப்பிலேயே எழுதிவைத்து, சீமேக்கின் ஷா256சம் கட்டளையால் ஒப்பிட்ட பின்னரே அவிழ்க்கச் செய்யுங்கள். சீமேக் இல்லாதவிடத்து விண்டோஸின் செர்ட்யூட்டில் அதைச் செய்யும். கிட்ஹப் தானாக உருவாக்கித் தரும் மூலநிரல் பொதிகளுக்கு மட்டும் இந்த எண் என்றும் மாறாது என்று எண்ண வேண்டாம். 2023 ஜனவரி இறுதியில், கிட் தன் உள்ளேயே ஜிஸிப் செய்யத் தொடங்கிய மாற்றத்தால், உள்ளடக்கம் மாறாமலே அந்தப் பொதிகளின் எண்கள் மாறிவிட்டன. உலகெங்கும் பில்ட்கள் நின்றுபோனதும் கிட்ஹப் பழைய முறைக்குத் திரும்பியது. அத்தகைய பொதியை ஒருமுறை இறக்கி, எண்ணைக் குறித்து, அந்தக் கோப்பையே பென் டிரைவில் சுற்றில் விடுவது பாதுகாப்பானது.

வாவிக்கரை எழுதியது:

ஜஸாக்கல்லாஹ், சகோதரரே. எண்களைச் சேர்த்துவிடுகிறோம். மாணவர்கள் எழுதிய சிறு கருவி ஒன்றை லினக்ஸ் பயன்படுத்துவோருக்கும் டார் ஆக வெளியிட விரும்புகிறோம். விண்டோஸிலிருந்து பொதி கட்டினால் அங்கே ஷெல் நிரல்கள் இயங்குமா?

கல்முனைப் பொறியாளர் பதிலளித்தது:

கோப்புறையை நேரடியாக டார் ஆக்கினால் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. இயக்க அனுமதியைக் குறிக்கும் யூனிக்ஸ் அடையாளம் விண்டோஸ் கோப்பு முறைமையில் இல்லை. டார் கருவி தன் ஊகத்தில் ஒன்றை இட்டுவிடும். அந்த அனுமதி கிட் களஞ்சியத்தின் பதிவில் இருக்கும். முதலில் கிட்டின் அப்டேட்-இன்டெக்ஸ் கட்டளைக்கு சிஎச்மொட் தெரிவில் கூட்டல் எக்ஸ் கொடுத்து, ஷெல் நிரல்களுக்கு இயக்க அனுமதியைப் பதிந்து, கமிட் செய்யுங்கள். அதன்பின் கிட் ஆர்கைவ் கட்டளையால், ப்ரிஃபிக்ஸ் தெரிவில் கருவியின் பெயரையும் பதிப்பெண்ணையும் சாய்கோட்டோடு முடித்துக் கொடுத்து, டார்.ஜிஸெட் ஆகக் கட்டுங்கள். கோப்புகள் வட்டிலிருந்து எடுக்கப்படாமல் களஞ்சியத்திலிருந்தே எடுக்கப்படுவதால், அனுமதிகள் சரியாக இருக்கும். பில்டில் உண்டான குப்பைக் கோப்புகளும் உள்ளே போகா. வரிமுடிவுகளுக்காக, ஷெல் நிரல்கள் எப்போதும் எல்எஃப் (யூனிக்ஸ் வரிமுடிவு) என்று கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பில் ஒரு வரி எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸில் உள்ள கிட்டின் ஓட்டோசிஆர்எல்எஃப் அமைப்பு ஆர்கைவ் கட்டும்போதும் வரிமுடிவுகளை மாற்றிவிடக்கூடும். கட்டிய பொதியை சீமேக்கின் டாரில் "டீவீஎஃப்" (tvf) கொடுத்துப் பட்டியலிட்டால், ஒவ்வொரு கோப்பின் முன்னும் அனுமதிகள் தெரியும். ஷெல் நிரல்களின் வரியில் எக்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.